தவிட்டரிசியும் ஈரலும்

நெல்மணியின் புறத்தே இருப்பது உமி. அதனை நீக்கினால் தவிட்டுத்தோல், அதனுள்ளே மாப்பொருள், ஒரு முனையில் முளை. உமியை மட்டும் களைந்தது தவிட்டரிசி. தவிட்டையும் முளையையுஞ் சேர்த்துத் தீட்டி நீக்கியது வெள்ளையரிசி. நம் முன்னோர் உரலிலிட்டுக் குத்திய அரிசியில் தவிடு ஓரளவு எஞ்சியிருந்தது. ஆலைகள் பெருகியபின் வெண்மையே சிறப்பெனக் கொள்ளப்பட்டது.

அவ்வெண்மையின் குறையை முதலில் உணர்த்தியவை கோழிகள். 1890 ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவில் எயிக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய அரிசியுண்ட கோழிகள் பெரிபெரியை ஒத்த நோயுற்றமையையும், தீட்டாத அரிசியால் அவை தேறியமையையுங் கண்டார். இதன்வழி வந்த விற்றமின் ஆராய்ச்சிக்காக அவர் 1929 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இக்காலத்தில் நாம் எண்ணவேண்டியது ஈரலைப் பற்றியாகும்.

குடலிலிருந்து செல்லுங் குருதி முதலில் ஈரலையே அடைகின்றது. சோறு குளுக்கோசாகி வருங்கால் ஈரல் அதிலொரு பகுதியைக் கிளைக்கோசனாகச் சேமிக்கும். அக்களஞ்சியம் ஏறத்தாழ 100 கிராமே கொள்ளும். உழைப்புக் குறைந்து உண்டி மிகுமாயின், மிஞ்சியதிற் சிறிது கொழுப்பாகி ஈரலிலே தங்கும். மது அருந்தாதாரும் இந்நோய்க்கு ஆளாவர். ராகமைப் பகுதியில் நடைபெற்று 2009 இல் வெளியான ஆய்வொன்றில், நடுவயதினருள் ஏறத்தாழ மூன்றிலொருவர்க்கு இது காணப்பட்டது. வலியின்றி வளரும் இந்நோய், சிலரிடத்து ஈரலைத் தழும்பேறச் செய்து சுருக்கிவிடும்.

தவிட்டரிசி இங்கு எவ்வாறு உதவும்? 100 கிராம் தவிட்டரிசியில் ஏறத்தாழ 3 கிராம் நாருண்டு. வெள்ளையரிசியில் 1 கிராமளவே. நார் செரிமானத்தைத் தாமதப்படுத்தலாற் குளுக்கோசு மெல்லச் சேரும், பசியும் விரைந்தடங்கும். ஆகவே உண்ணும் அளவு குறையும்; உடல் எடை குறையின் ஈரற் கொழுப்புங் குறையும்.

ஆயினும் தவிட்டரிசி மருந்தன்று. இருவகை அரிசியும் தருஞ் சக்தி ஏறத்தாழ ஒன்றே. கோப்பை நிறைய உண்பார்க்குப் பயன் சிறிது. தவிட்டில் ஆசெனிக்கு சற்று மிகுதியாதலின், நிறைந்த நீரில் அவித்துக் கஞ்சி வடித்தல் நன்று. தவிட்டிலுள்ள எண்ணெய் விரைவிற் கெடுமாதலின் சிறிது சிறிதாக வாங்குக. பூஞ்சணம் பிடித்த அரிசியை அறவே விலக்குக. அதில் உண்டாகக்கூடிய அபிளாதொட்சின் ஈரலுக்கே நஞ்சாம்.

மாணவப் பருவத்தில் விளையாட்டிடத்தில் ஓடியாடியோர், பின்னர் நாற்காலியில் அமர்ந்தே பணிபுரிந்தும், உண்ணும் அளவை மட்டும் மாற்றாதிருக்கின்றனர். அரிசியை மாற்றுதலோடு அளவையுஞ் சுருக்கி, நாடோறும் நடந்துவரின், ஈரல் தன் சுமையை மெல்ல இறக்கிவைக்கும்.