‘வளர்ந்த பிள்ளை ஒட்டுமா?’ – கொலம்பியாவில் காத்திருந்த 30 நாட்கள்



கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, கேள்வி-பதில் பகுதிக்குக் கடிதம் எழுதியிருந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். முதல் கேள்வி மஞ்சளில் வரும் இலைப்புள்ளி பற்றியது. அதற்குக் கேள்வி-பதில் பகுதியிலேயே பதில் எழுதிவிட்டேன். இரண்டாவது கேள்வி இது:

‘எங்களுக்குக் கல்யாணமாகி 14 வருஷமாச்சுங்க. குழந்தை இல்லை. ஆறு, ஏழு வயசுல ஒரு குழந்தையைத் தத்து எடுத்துக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். அவ்வளவு வளர்ந்த பிள்ளை நம்மகிட்ட ஒட்டாதுன்னு மாமியார் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?’

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2019-க்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் நானும் அந்த மாமியார் பக்கம்தான் நின்றிருப்பேன். அந்த வருடம் என் தங்கைக்குத் துணையாகக் கொலம்பியா நாட்டில் 30 நாட்கள் இருந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

முற்றின நாற்று

இருபத்தைந்து வருடங்களாக நான் கிராமம் கிராமமாகப் போய்ச் சொல்லிவந்த பாடம் ஒன்று உண்டு. ‘திருந்திய நெல் சாகுபடிக்கு 14 நாள் நாற்றை நடுங்க. நாற்று முற்றினால் தூர் கட்டாது.’ இது நெல்லுக்குச் சரி. அதே கணக்கை மனிதருக்கும் போட்டேன் என்பதுதான் என் தவறு.

என் தங்கையும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார்கள். அந்நாட்டுக் குடிமக்கள். பத்து வருடம் ஆஸ்பத்திரி வாசலில் அலைந்துவிட்டு, கொலம்பியாவில் தத்தெடுக்க விண்ணப்பித்தார்கள். அங்கே ஆரோக்கியமான சின்னக் குழந்தைகளை உள்நாட்டுக் குடும்பங்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். வெளிநாட்டவருக்குப் பெரும்பாலும் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள், சேர்ந்தே போக வேண்டிய அண்ணன் தங்கைகள், மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகள்தான். இவர்களுக்கு எட்டு வயதுப் பையன் அமைந்தான்.

நான் போனில் சொன்னேன்: “அம்மிணி, எட்டு வயசு ஆயிடுச்சே. நல்லா யோசிச்சுக்க.”

“யோசிச்சுட்டேங்ணா. நீங்க கூட வாங்க, அது போதும்.”

கோர்ட் தீர்ப்பு வரும்வரை பெற்றோரில் ஒருவராவது அங்கே தங்கியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இரண்டு வாரம்தான் லீவு. தங்கை ஸ்பானிய மொழி கற்றிருந்தாள். இருந்தாலும் தெரியாத ஊரில் பையனோடு தனியாக இருக்க வேண்டுமே என்று பயம். துறையில் தடையின்மைச் சான்று வாங்கி, ஈட்டிய விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காப்பி விளையும் மலை ஊர்

நாங்கள் தங்கிய ஊர் மனிசாலேஸ். ஆண்டீஸ் மலையில் சுமார் 2,150 மீட்டர் உயரம். நம் ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. பூமத்திய ரேகை பக்கம் என்பதால் கோடை, குளிர்காலம் என்ற பிரிவு கிடையாது. வருடத்தில் இரண்டு மழைக்காலம். ஊரைச் சுற்றிச் செங்குத்தான சரிவுகளில் காப்பித் தோட்டங்கள். அக்டோபர் மாதம், அறுவடை நேரம். இடுப்பில் கூடை கட்டிக்கொண்டு பழுத்த பழத்தை மட்டும் கையால் பறிக்கிறார்கள். கூலி கிலோ கணக்கில்.

அலுவலக அறையில் பையனைச் சந்தித்தோம். அதுவரை வளர்த்த அம்மா அழைத்து வந்திருந்தார். அரசின் குழந்தைகள் நல அமைப்பு இப்படிச் சில குடும்பங்களில் பிள்ளைகளைத் தற்காலிகமாக வளர்க்கக் கொடுக்கிறது. இஸ்திரி போட்ட சட்டை, சீவிய தலை, கையில் ஒரு பை. எல்லோருக்கும் கை கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். கை ஜில்லென்று இருந்தது. அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவன் விருப்பம்.

அன்றிலிருந்து எங்களோடுதான் இருந்தான். சமூகப் பணியாளரும் உளவியலாளரும் கவனித்து அறிக்கை தர வேண்டும். பிறகு வழக்கறிஞர் மனு போட, குடும்ப நீதிபதி தீர்ப்பு சொல்வார். அதுவரை காத்திருப்பதுதான் வேலை.

பையன் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. கேட்டால் “ஆமாங்க”, “இல்லைங்க”. அவ்வளவுதான். தங்கை சோறும் பருப்பும் செய்தால் சோற்றைத் தின்று பருப்பை ஒதுக்குவான். கொண்டுவந்த பையை அவன் பிரிக்கவே இல்லை. கட்டில் காலடியில் மூடியபடி கிடந்தது. பக்கத்தில் அவன் ஷூ, காலைவிட்டால் கிளம்பிவிடலாம் என்பதுபோல.

ஒன்பதாம் நாள் இரவு, மனசு பொறுக்காமல் தங்கையிடம் சொல்லிவிட்டேன்: “பையன் ஒட்டவே இல்லையே அம்மிணி.”

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: “அவன் ஒட்டலைன்னு சொல்றீங்களே, நாம அவன்கிட்ட ஒட்டினோமாங்ணா?”

எனக்குப் பதில் இல்லை.

கடித்துக்கொண்டு குடிக்கணும்

மறுநாள் காலை அவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு என்னையும் சந்தைக்குக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து காத்திருக்கிற நாட்கள் படிக்கிற நாட்களாக மாறின.

கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் “ஆ லா ஓர்தென்” என்று கூப்பிடுகிறார்கள். ‘சொல்லுங்க, என்ன வேணும்’ என்று அர்த்தம். வாழை, மரவள்ளி, சௌசௌ, கொய்யா எல்லாம் நமக்குப் பழகினவைதான். பெயர்தான் வேறு. தங்கை ஒவ்வொன்றின் பெயரையும், எப்படிச் சமைப்பது என்பதையும் கேட்டு எழுதினாள்.

ஒன்று என் காதில் விழுந்தது. அங்கே பெற்றவர்களே பிள்ளைகளை ‘உஸ்தெத்’ என்கிறார்கள். ‘நீங்க’ என்று பொருள். தங்கை புத்தகத்தில் படித்தபடி பையனை ‘நீ’ என்றே பேசிக்கொண்டிருந்தாள். கொங்கு நாட்டில் பிறந்த நாம் பிள்ளைகளை ‘வாங்க கண்ணு, சாப்பிடுங்க கண்ணு’ என்று சொல்கிறவர்கள்தானே? அன்று முதல் மாற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கார அம்மா தங்கைக்கு ‘மசமோர்ரா’ செய்யக் கற்றுக்கொடுத்தார். வெள்ளை மக்காச்சோளத்தை உடைத்து, ஊறவைத்து, குழைய வேகவைத்துப் பால் ஊற்றிக் குடிக்கும் கஞ்சி. கூடவே ‘பனேலா’. பனேலா என்பது வேறொன்றும் இல்லை, நம் அச்சுவெல்லம்தான். வெல்ல உற்பத்தியில் உலகில் முதலிடம் இந்தியா, அடுத்தது கொலம்பியா.

தங்கை வெல்லத்தைத் தட்டிக் கஞ்சியில் போட்டுக் கலக்கப்போனாள். பையன் பதறி எழுந்தான்.

“போடாதீங்க! தனியா கையில வச்சுக் கடிச்சுக்கணும். கடிச்சிட்டுக் குடிக்கணும். எங்க வீட்டு அம்மா அப்படித்தான் தருவாங்க.”

பத்து நாளில் அவன் பேசிய முதல் நீளமான பேச்சு அது. கம்மங்கூழுக்கு நாம் சின்ன வெங்காயம் கடிப்பதில்லையா, அதே மாதிரி. மூன்று கிண்ணம் குடித்தான். தங்கை நோட்டில் எழுதினாள்: ‘வெல்லம் கலக்கக் கூடாது.’

மறுநாள் அந்த வளர்ப்பு அம்மாவுக்குப் போன் செய்து, அவனைப் பற்றி எல்லாம் கேட்டாள். விளக்கை அணைத்தால் தூங்க மாட்டான், இடி இடித்தால் பயம், தலையை இடப்பக்கமாக வகிடு எடுக்க வேண்டும். நோட்டில் நான்கு பக்கம் நிறைந்தது.

ஆலைக் கொட்டகை

மாப்பிள்ளை ஊருக்குத் திரும்பிய வாரம், பையனை அழைத்துக்கொண்டு மலைக்குக் கீழே ஒரு வெல்ல ஆலைக்குப் போனோம். கவுந்தப்பாடிக்காரனுக்கு வேறெங்கே போகத் தோன்றும்?

எஞ்சினில் கரும்பு ஆட்டி, சக்கையை உலர்த்தி அதையே எரித்து, வரிசையாகக் கொப்பரைகள். அழுக்கு எடுக்க மரப்பட்டையை இடித்து வழுவழுப்பான சாறு சேர்க்கிறார்கள். நம் பக்கம் வெண்டைத் தண்டைப் போடுவது மாதிரி. வெளுப்பாக்க ஹைட்ரோஸ் போட அங்கே தடை.

சிறு விவசாயிகள் வயலை ஒரேயடியாக வெட்டுவதில்லை. ஒவ்வொரு தூரிலும் முற்றிய கரும்பை மட்டும் வெட்டி, இளசை விட்டுவிடுகிறார்கள். சில மாதம் கழித்து மறுபடி வருகிறார்கள். கையில் வருமானம் வந்துகொண்டே இருக்கிறது, தூரும் சாவதில்லை.

ஆலைக்காரர் பையனுக்குக் கொஞ்சம் பாகு கொடுத்தார். அவன் அதை இரண்டு கையாலும் இழுத்து, மடித்து, மறுபடி இழுத்தான். இழுக்க இழுக்க வெளுத்தது. பாதியைப் பிய்த்துத் தங்கையிடம் நீட்டினான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான், தங்கை மொழிபெயர்த்தாள்: “உங்க ஊர்ல இது இருக்கா?”

செல்போனில் எங்கள் ஊர் ஆலைக் கொட்டகைப் படத்தைக் காட்டினேன். கொப்பரையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“நாங்க போற வீட்லயும் கிடைக்குமா?”

“டெக்சாஸில் கொலம்பியாக் கடையிலும் கிடைக்கும், இந்தியக் கடையிலும் கிடைக்கும்” என்றேன்.

அன்று இரவு தங்கையிடம் அலமாரியில் ஒரு தட்டு கேட்டான். பையைப் பிரித்துத் துணியை அடுக்கினான்.

24-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. புதுப் பிறப்புப் பதிவு வாங்கினார்கள். பாஸ்போர்ட், விசா வேலைக்கு அவர்கள் தலைநகர் பொகோட்டாவுக்குப் போக, நான் ஊர் திரும்பினேன்.

அத்தோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் வருடம் ராத்திரிகளில் அழுதிருக்கிறான், பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டிருக்கிறான். தங்கையும் அழுதிருக்கிறாள். ஆனால் அந்த நோட்டு சமையலறையில் இருந்தது.

சகோதரிக்குப் பதில்

நாற்றைப் பிடுங்கி வேரை அலசி நடுகிறோம். வளர்ந்த மரத்தைப் பெயர்த்தால் வேர்மண் உதிராமல் சாக்கு சுற்றி எடுத்து வருகிறோம். அப்படி எடுத்த மரம் பிழைக்கிறது. ஆறு வயதுக் குழந்தை தன் மண்ணோடுதான் வரும். என்ன சாப்பிட்டது, யார் தலை சீவினார்கள், என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘பழசை மற’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நம் நாட்டு நடைமுறை இது:

• ‘காரா’ என்னும் மத்தியத் தத்தெடுப்பு அமைப்பின் இணையதளத்தில்தான் பதிய வேண்டும். உதவிக்கு உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம்.

• திருமணமாகி 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இருவர் சம்மதமும் வேண்டும். 4 வயதுக்கு மேல் 8 வயது வரையுள்ள குழந்தைக்குக் கணவன் மனைவி வயதின் கூட்டுத்தொகை 100-க்குள் இருக்க வேண்டும். 8 வயதுக்கு மேல் என்றால் 110.

• 5 வயது முடிந்த குழந்தையின் சம்மதமும் கேட்பார்கள்.

• 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். பிறகு 2 ஆண்டுகள் வந்து பார்ப்பார்கள்.

• ஆஸ்பத்திரியிலோ தரகரிடமோ பணம் கொடுத்துக் குழந்தை வாங்காதீர்கள். விற்பதும் வாங்குவதும் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆதரவற்ற குழந்தையைப் பார்த்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள். கொலம்பியாவின் குழந்தைகள் சட்டத்துக்கும் எண் 1098 என்று அங்கே தெரிந்துகொண்டேன்.

கைக்குழந்தைக்குக் காத்திருக்கும் வரிசை நீளம். வளர்ந்த குழந்தைகளோ வீட்டுக்காகக் காத்திருக்கிறார்கள்.

என் மருமகன் இப்போது என் தோளுயரம் வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போனில் “மாமா, கரும்பு வெட்டியாச்சுங்களா?” என்று தமிழில் கேட்கிறான். போன பொங்கலுக்கு அச்சுவெல்லம் அனுப்பினேன். கடித்துக்கொண்டுதான் தின்றானாம்.

உங்கள் மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், சகோதரி. மஞ்சளுக்கு மருந்து அடித்தீர்களா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.