எந்த இடத்திற்கு எந்த எண்ணெய்?

புதுச்சேரிக்குத் தெற்கே, நல்லவாடு போன்ற கடலோர ஊர்களில் சைக்கிள் சங்கிலி விரைவில் துருப்பிடிப்பதேன்? காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை ஈர்க்கிறது. துரு வேகமாகப் பரவுகிறது. கண்ணி அறுந்தால் பள்ளிக்கு நடைதான்!

எனவே, அங்கே எண்ணெய்க்கு இரண்டு வேலை: உராய்வைக் குறைப்பது, ஈரத்தைத் தடுப்பது. அப்படியானால் கெட்டியான கிரீஸை அள்ளிப் பூசலாமா? கூடாது. பறந்து வரும் மணல் அதில் ஒட்டி, உப்புத்தாளைப் போல் உலோகத்தைத் தேய்த்துவிடும். கண்ணிகளுக்குள் இறங்கும் மெல்லிய எண்ணெயை விட்டு, மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். சக்கரத்தின் நடுவே மூடிக்குள் உருளும் குண்டுகளுக்கோ, வழிந்தோடாத கிரீஸ்தான் ஏற்றது.

தேங்காய் எண்ணெய் உதவுமா? சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் சங்கிலி இறுகும்.

காவலரின் கைத்துப்பாக்கிக்கும் இதே விதிதான். தானாகக் குண்டேறும் வகையில், ஒவ்வொரு முறை சுடும்போதும் மேற்பகுதி பின்னால் சறுக்கித் திரும்புகிறது. சறுக்கும் இடத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும். மிகுந்தால் வெடிமருந்தின் கரியும் தூசியும் சேர்ந்து, வேண்டிய நேரத்தில் சிக்கிக்கொள்ளும்.

எண்ணெய்க் குப்பியைத் திறக்குமுன் கேளுங்கள்: எண்ணெய் உள்ளே இறங்க வேண்டுமா, நிற்க வேண்டுமா? அங்கே மணல் வருமா, ஈரம் வருமா? விடையே தேர்வு!