சொந்த இணையதளத்தில் பிழைப் பக்கம் அமைத்தல்

வாசகர் கேட்ட பக்கத்தை ஓர் இணையதளம் தர இயலாதபோது, அதற்குப் பதிலாக அவர் திரையில் தோன்றும் பக்கம் பிழைப் பக்கம் எனப்படும். தளத்தின் உரிமையாளர் ஏதும் செய்யாமல் விட்டால், சர்வர் எனப்படும் வழங்கி தன்னிடம் உள்ள ஆங்கில வாசகத்தை இரண்டு மூன்று வரிகளில் காட்டிவிடும். அந்த இடத்தில் உரிமையாளர் தம் மொழியிலும் தம் தளத்தின் தோற்றத்திலும் எழுதி வைப்பது தனிப்பயன் பிழைப் பக்கம் ஆகும். இவற்றுள் பரவலாக அறியப்பட்டது 404 பக்கம்.

தமிழ் எழுத்துகளில் முகவரி கொண்ட தளங்களில், பக்கம் இருந்தும் 'இல்லை' என்ற விடை வருவதற்கான வாய்ப்பு அதிகம். ஆங்கில வாசகத்தைக் கண்ட வாசகர் கட்டுரையே அழிந்துவிட்டது என்றோ, தம் கைப்பேசியில் ஏதோ கோளாறு என்றோ எண்ணித் திரும்பிவிடலாம். ஒரு நல்ல பிழைப் பக்கம் அவரைத் தேடிவந்த இடத்திற்குக் கொண்டு சேர்க்கும்.

நிலை எண்கள்

உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, வழங்கி பக்கத்தோடு மூன்று இலக்க எண் ஒன்றையும் அனுப்புகிறது. இது நிலை எண் எனப்படும். 1991இல் வழங்கிய முதல் எச்டிடிபி நெறிமுறையில் இந்த எண்கள் இல்லை. 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் இவை வரையறுக்கப்பட்டன. தற்போது நடைமுறையில் உள்ள வரையறை 2022 சூன் மாதம் வெளியானது.

4இல் தொடங்கும் எண், கேட்டவர் பக்கத்துப் பிழையையும், 5இல் தொடங்கும் எண், வழங்கியின் பக்கத்துப் பிழையையும் குறிக்கும். சொந்தத் தளம் நடத்துவோர் அறிந்திருக்க வேண்டியவை:

403 – பக்கம் உண்டு, பார்க்க அனுமதி இல்லை.
404 – இந்த முகவரியில் ஏதும் இல்லை.
410 – முன்பு இருந்தது, நிலையாக நீக்கப்பட்டுவிட்டது.
451 – சட்டக் காரணங்களால் தர இயலாது. 2016இல் சேர்க்கப்பட்ட இந்த எண், ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவலை நினைவூட்டும் வகையில் தேர்ந்தெடுக்கப்பட்டது.
500 – வழங்கியின் உள்ளே கோளாறு.
503 – பராமரிப்புப் பணி போன்ற காரணங்களால் தற்காலிகமாகத் தர இயலாது.

சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் 404ஆம் எண் அறை ஒன்று இருந்ததாகவும், அங்கிருந்தே இந்த எண் வந்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. வலையை உருவாக்கியதில் டிம் பெர்னர்ஸ்-லீயுடன் பணியாற்றிய ராபர்ட் கையோ இதைக் கட்டுக்கதை என்று மறுத்துள்ளார்.

தமிழ் முகவரிகளில் எழும் சிக்கல்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி ஊர்களைப் பற்றி ஒருவர் தளம் நடத்துகிறார் என்று கொள்வோம். சென்னை–கூடூர் ரயில் தடத்தில் உள்ள பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, எளாவூர் ஆகிய ஊர்களுக்கு ஒவ்வொரு பக்கம். முகவரியும் தமிழிலேயே ஊர்ப்பெயர். இவ்வளவு எளிய தளத்திலும் 404 வர நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, முகவரியின் நீளம். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் கொள்ளும். முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக, மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளும். 'எளாவூர்' என்ற சொல்லில் எ, ள, கால், வ, ஊகாரக் குறி, ர, புள்ளி என 7 குறிகள் உள்ளன. அது 21 பைட்டுகளாகி, 63 எழுத்துகள் கொண்ட தொடராக நீள்கிறது. மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ இத்தொடர் இடையில் அறுந்தால் முகவரி செல்லாது.

இரண்டாவது, வேற்றுமை உருபு. "…/எளாவூர்" என்ற முகவரியைத் தமிழ் வாக்கியத்தின் நடுவே எழுதுபவர் இடைவெளி விடாமல் 'இல்' என்று சேர்த்துவிட்டால், அதுவும் முகவரியின் பகுதியாகிவிடும். படிப்பவருக்கு வாக்கியம் சரியாகவே தோன்றும்.

மூன்றாவது, ஒரே தோற்றம் கொண்ட இரண்டு எழுத்துகள். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. 'பொன்னேரி' என்பதில் உள்ள ஒகர உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் இடலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் இடலாம். முதல் வகையில் சொல்லுக்கு 8 குறிகள், 72 எழுத்து முகவரி. இரண்டாம் வகையில் 9 குறிகள், 81 எழுத்து முகவரி. திரையில் இரண்டும் 'பொன்னேரி'தான். எனினும் பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் வழங்கிக்கு இவை இரு வேறு முகவரிகள். ஒருங்குறிச் சீர்தரம் இவ்விரண்டையும் சமமானவை என்றே வரையறுத்துள்ளது. என்எஃப்சி எனும் சீராக்கத்தைச் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் 'ஔ' என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்து இட்டால், அதை எந்தச் சீராக்கமும் திருத்தாது. ஸ்ரீ என்பதற்கும் இரு வகை உள்ளீடு வழக்கில் உள்ளது.

நான்காவது, எழுத்துக்கூட்டல். இச்சிக்கல்களைத் தவிர்க்க ஆங்கில எழுத்தில் முகவரி வைத்தாலும் வேறு குழப்பம் வருகிறது. கும்மிடிப்பூண்டியின் 'பூ'வை ரயில்வே ஒற்றை 'யு' எழுத்தாலும், தொழிற்பேட்டை உள்ளிட்ட பிற இடங்களில் இரட்டை 'ஓ' எழுத்தாலும் எழுதுகின்றனர். ள, ல வேறுபாடு ஆங்கிலத்தில் மறைந்துவிடுகிறது. லினக்சு வழங்கிகளில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

தமிழ் விக்கிப்பீடியாவின் தீர்வுகள்

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, தமிழ்த் தலைப்புகளையே முகவரியாகக் கொண்டது. அதை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள், வரும் தலைப்பை என்எஃப்சி முறையில் சீராக்கிய பின்னரே தேடுகிறது. ஆகவே மேற்கண்ட இருவகைப் 'பொன்னேரி'யும் ஒரே கட்டுரைக்குச் செல்லும். நீளச் சிக்கலுக்காகத் தலைப்பின் அருகில் குறுந்தொடுப்பு காட்டும் வசதியும் ஏற்படுத்தப்பட்டது. பெயர் மாறிய கட்டுரைகளுக்கு வழிமாற்றுப் பக்கங்கள் விடப்படுகின்றன.

இல்லாத தலைப்பைக் கேட்டால், வழங்கி 404 என்ற எண்ணை அனுப்புகிறது. திரையிலோ அத்தலைப்பைப் பிற பக்கங்களில் தேடவும் புதிதாக எழுதத் தொடங்கவும் வழி காட்டப்படுகிறது. கணினிக்கு உண்மையான எண், மனிதருக்கு அடுத்த வழி என்ற இரண்டையும் சேர்த்துத் தருவதே நல்ல பிழைப் பக்கத்தின் இலக்கணம்.

அமைக்கும் முறை

எல்லா முறைகளிலும் முதல் வேலை, பிழைப் பக்கத்தைச் சாதாரண எச்டிஎம்எல் கோப்பாக எழுதி, '404.எச்டிஎம்எல்' என்பதற்கு ஈடான ஆங்கிலப் பெயரில் தளத்தின் முதன்மை அடைவில் வைப்பது. கீழே தமிழில் ஒலிபெயர்க்கப்பட்டுள்ள கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.

அப்பாச்சி: முதன்மை அடைவில் உள்ள '.எச்டிஆக்சஸ்' கோப்பில் 'எரர்டாக்குமென்ட் 404 /404.எச்டிஎம்எல்' என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் இக்கோப்பு மறைந்திருக்கும். கோப்பு மேலாளரில் மறைகோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்க வேண்டும். இடவசதி தரும் நிறுவனம் இத்தகைய மாற்றங்களை அனுமதித்திருந்தால்தான் வரி வேலை செய்யும். கோப்பின் பெயரை மட்டும் சாய்கோட்டுடன் தர வேண்டும். தளத்தின் முழு முகவரியையும் எழுதினால், வழங்கி வாசகரை அங்கே திருப்பிவிடும். 404 என்ற எண் காணாமல் போகும்.

என்ஜின்எக்ஸ்: அமைப்புக் கோப்பில் 'எரர்_பேஜ் 404 /404.எச்டிஎம்எல்;' என்ற வரி போதும். இறுதியில் அரைப்புள்ளி கட்டாயம்.

கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை: கோப்பை உரிய பெயரில் வைத்தாலே தானாக எடுத்துக்கொள்ளும்.

வேர்டுபிரசு: வார்ப்புருவில் 404க்கென்று தனிக்கோப்பு இருக்கும், அதைத் திருத்தலாம்.

பிளாகர்: அமைப்புகளில் பிழைகளும் திசைமாற்றங்களும் என்ற பகுதியில், பக்கம் காணப்படாதபோது காட்ட வேண்டிய உரையை நேரடியாக எழுதலாம்.

பக்கத்தில் இருக்க வேண்டியவை

பழிசொல்லும் தொனியின்றி, நடந்ததை இரண்டு வரிகளில் சொல்ல வேண்டும். ஒரு மாதிரி:

"நீங்கள் கேட்ட பக்கம் இந்த முகவரியில் இல்லை. முகவரி இடையில் அறுந்திருக்கலாம். பக்கம் இடம் மாறியும் இருக்கலாம். ஊர்ப்பெயரைக் கீழே தட்டித் தேடுங்கள்."

இதன் கீழே தேடல் பெட்டி, முகப்புக்கு ஒரு தொடுப்பு, அதிகம் படிக்கப்படும் ஐந்தாறு பக்கங்களின் பட்டியல் ஆகியவை இருந்தால் போதும். சிறிய தளமாயின் எல்லாப் பக்கங்களின் அகரவரிசைப் பட்டியலையே இட்டுவிடலாம். சில நொடிகளில் முகப்புக்குத் தானாகத் தாவும் பக்கம், வாசகருக்கு என்ன நடந்தது என்பதை மறைத்துவிடும். அதைத் தவிர்ப்பது நல்லது.

கோப்பின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 குறிமுறையையும் மொழி தமிழ் என்பதையும் குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் சில உலாவிகளில் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகச் சிதறித் தெரியும்.

வழக்கமாக நேரும் தவறுகள்

பொய்யான 200: பக்கம் இல்லை என்று திரையில் சொல்லிவிட்டு, எல்லாம் சரி என்பதற்குரிய 200 என்ற எண்ணை அனுப்புவது. கூகுள் இதை 'சாஃப்ட் 404' என அழைக்கிறது. இல்லாத பக்கங்களையும் இருப்பவையாக எண்ணித் தேடுபொறி அவற்றைத் திரும்பத் திரும்பத் தேடிவரும்.

ஒப்பீட்டுப் பாதை: பிழைப் பக்கம், வாசகர் தட்டிய தவறான முகவரியிலேயே தோன்றுகிறது. அம்முகவரி இரண்டு மூன்று அடைவுகள் உள்ளே இருந்தால், படங்களையும் வடிவமைப்புக் கோப்பையும் அங்கிருந்தே உலாவி தேடும், கிடைக்காது. எனவே பிழைப் பக்கத்தில் உள்ள எல்லாப் பாதைகளும் சாய்கோட்டில் தொடங்க வேண்டும்.

தரவுத்தளத்தை நம்பிய 500 பக்கம்: தரவுத்தளம் பழுதானதால் வரும் பிழையை அறிவிக்க, அதே தரவுத்தளத்தைக் கேட்கும் பக்கத்தால் இயலாது. 500, 503 பக்கங்கள் தனித்து நிற்கும் எளிய கோப்புகளாக இருக்க வேண்டும்.

திருப்பிவிட வேண்டியதைக் கைவிடுதல்: பக்கத்தை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால் 301 என்ற நிலையான வழிமாற்று தர வேண்டும். புதிய இடம் தெரிந்திருக்கும்போது 404 காட்டுவது முறையன்று.

சோதனையும் பராமரிப்பும்

தளத்தின் பெயருக்குப் பின் பொருளற்ற சொல்லைத் தட்டினால் பிழைப் பக்கம் தோன்ற வேண்டும். பிறகு ஓர் அடைவு உள்ளே சென்று அதேபோல் தட்டி, படங்கள் சரியாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் வலையமைப்புப் பகுதியைத் திறந்தால் 404 என்ற எண் உண்மையில் வருகிறதா என்று தெரியும். தமிழ் முகவரி உள்ள தளத்தில், ஒகர ஓகாரச் சொற்களை இருவகை உள்ளீட்டிலும் சோதிப்பது அவசியம்.

வழங்கியின் பதிவேட்டில், கிடைக்காமல் போன முகவரிகள் அனைத்தும் பதிவாகியிருக்கும். மாதம் ஒருமுறை அதைப் பார்த்து, அடிக்கடி வரும் தவறான முகவரிகளுக்கு வழிமாற்று அமைத்தால், நாளடைவில் பிழைப் பக்கத்தின் தேவையே குறையும்.

எல்லை

பிழைப் பக்கமும் அதே வழங்கியில்தான் இருக்கிறது. தளப்பெயரைப் புதுப்பிக்காவிட்டாலோ, இடவசதி தந்த நிறுவனம் சேவையை நிறுத்தினாலோ அதுவும் உடன் மறையும். இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டீசு 2009 அக்டோபர் 26 அன்று மூடப்பட்டபோது, அங்கிருந்த சொந்தத் தளங்களின் முகவரிகள் அனைத்தும் செயலிழந்தன. இணைய ஆவணக்காப்பகம் போன்றவை முன்கூட்டியே படியெடுத்தவை மட்டும் எஞ்சின. எனவே சொந்தத் தளம் நடத்துவோர் தம் பக்கங்களை அவ்வப்போது அக்காப்பகத்தின் 'வேபேக் மெசின்' சேவையில் சேமித்து, கோப்புகளின் படியொன்றைத் தம்மிடமும் வைத்திருக்க வேண்டும்.