நண்பகல் ஓய்வு: சட்டமும் நம் இல்லங்களும்

ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதையடுத்த காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், கடையிலோ மருந்தகத்திலோ அலுவலகத்திலோ மாதச் சம்பளத்துக்குப் பணிபுரியும் ஒருவரேனும் இருக்கின்றார். அவர் இரவில் வீடு திரும்பியதும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்க்கும் தாய்மார்கள், காலையில் கட்டிக்கொடுத்த சோறு பாதி அப்படியே மீந்திருக்கக் கண்டு கடிந்துகொள்வதுண்டு. பசியில்லாமையே அதற்குக் காரணமென்று நாம் எண்ணிவிடலாகாது. அமர்ந்து உண்ண அவகாசம் கிடைக்காததும் காரணமாயிருக்கலாம்.

இவ்விஷயத்தில் சட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. அதன் 9ஆம் பிரிவின்படி, ஒரு சிப்பந்தியிடம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்குதல் கூடாது. அதற்குள் அவருக்குக் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு அளித்தாக வேண்டும். காலை ஒன்பதரை மணிக்குக் கடையில் நின்றவர் பிற்பகல் இரண்டரைக்குள் ஓய்வுக்குப் போயிருக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளின் பணி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பரவலாகாது என்று 10ஆம் பிரிவு கூறுகிறது.

“கூட்டம் அதிகம், பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடம்மா” என்று அன்பொழுகச் சொல்லும் முதலாளி, உண்மையில் ஐம்பது நிமிஷத்தை எடுத்துக்கொள்கிறார். காலையில் தேநீருக்குப் பத்து, மாலையில் தேநீருக்குப் பத்து என்று துண்டு துண்டாகக் கொடுத்துக் கணக்கை நேர்செய்வாரும் உண்டு. அந்தக் கணக்கு செல்லாது. கல்லாவின் பின்னே நின்றபடி, வாடிக்கையாளருக்கு விடை சொல்லிக்கொண்டே விழுங்கும் உணவும் ஓய்வாகாது.

இது தமிழருக்குப் பழகிய வழக்கே. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் எழுப்பிய முறையீடுகளில் முன்னின்ற ஒன்று, நண்பகல் உணவுக்கு விடப்பட்ட நேரம் போதவில்லை என்பதாகும். ஆலைகளில் நண்பகலில் அரைமணி வேலையை நிறுத்த வேண்டுமென்று 1891ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. ஆயினும் பல்லாயிரம் பேர் ஒரே வேளையில் வெளிவந்து, கைகழுவி, உண்டு, மீண்டும் இயந்திரத்தின் முன் நிற்க அரைமணி எம்மட்டு? 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. உடன் நின்றார். நம் நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் ஏடுகளில் ஒன்று, இவ்வாறு சோற்றுவேளையைப் பற்றியதாக அமைந்தது. அவ்வாலைகளை நடத்திய பின்னி நிறுவனமே பெங்களூரிலும் ஆலை நடத்தியது என்பதை இந்நகரத்துப் பெரியவர்கள் அறிவார்கள்.

பெற்ற உரிமை என்றும் நிலைத்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து மணி வேலைக்குள் அரைமணி ஓய்வு வைத்தது. 2023இல் கர்நாடகச் சட்டமன்றம் அந்த ஐந்தை ஆறாக்க வழிசெய்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் மத்திய அரசின் புதிய தொகுப்பு வந்திருக்கிறது. ஆலையில் பணிபுரிவோர் தம் ஓய்வுநேரம் இப்போது எவ்வளவு என்று கேட்டு அறிந்துகொள்ளல் நலம்.

உட்காரும் உரிமையும் இதனோடு சேர்ந்ததே. கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை வேண்டுமென்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டம் திருத்தின. துணிக்கடையில் நாள் முழுதும் நின்ற பெண்ணின் கால்வீக்கத்தைக் கண்டவர்கள், நாற்காலிக்கும் ஒரு சட்டமா என்று நகைக்கமாட்டார்கள்.

ஒற்றை ஆளாய்க் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே நால்வர் ஐவர் சேர்ந்து, வேலை தொடங்கும் நேரம், ஓய்வு கிடைத்த நேரம், முடியும் நேரம் ஆகியவற்றை இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, முதலில் முதலாளியிடமே பேசுவது நன்று. அதற்கும் செவிசாய்க்காவிடில் தொழிலாளர் இலாகாவின் ஆய்வாளர் இருக்கிறார். கன்னடத்தில் கார்மிக இலாகா என்று கேட்டால் எவரும் வழி காட்டுவர்.

இனி, சற்றுச் சங்கடமான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மேற்சொன்ன 1961ஆம் ஆண்டுச் சட்டம் நம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. காலை ஏழு மணிக்கு வந்து, நமக்கெல்லாம் பரிமாறி முடித்து, மூன்று மணிக்கு அடுப்பங்கரையில் குந்தி உண்ணும் பணிப்பெண்ணுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. வீட்டு வேலையாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கர்நாடகம் 2004இல் நிர்ணயித்தது. அவர்களுடைய ஓய்வையும் வேலைநேரத்தையும் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2011இல் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதி செய்யவில்லை. நம் மகளுக்குக் கடை முதலாளி தரவேண்டுமென்று நாம் வாதாடும் அதே ஒரு மணி நேரத்தை, நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்குத் தருவதற்குச் சட்டம் வரக் காத்திருக்கத் தேவையில்லை. சம்பளம் பேசும்போதே, உண்ணவும் சற்றுச் சாயவும் எந்த மணி என்பதையும் பேசி வைத்துவிடலாம். அந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தால் கதவை நாமே திறக்கலாம்.