வால் பின்னே நூல் இழுக்கும் குஞ்சு

இறால் குஞ்சு வயிறாரச் சாப்பிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆளே ஒரு காற்புள்ளி அளவுதான்! பொரிப்பகத்தில் வேலை செய்பவர்கள் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார்கள். குஞ்சின் வாலுக்குப் பின்னால் மெல்லிய நூல் ஒன்று இழுபட்டு வருகிறதா என்று பார்ப்பார்கள். அது நூல் இல்லை, குஞ்சின் கழிவு. சிரிக்காதீர்கள்! அந்த நூல் தெரிந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி.

நூல் இழுக்கும் இந்தப் பருவத்தின் பெயர் சோயியா. இதற்கு முந்தைய பருவமான நாப்ளியஸ் எதுவுமே சாப்பிடாது. முட்டையிலிருந்து கட்டுச்சோறுபோல் மஞ்சள் கருவைக் கொண்டுவந்திருக்கும். இரண்டு நாள் அதிலேயே ஓடிவிடும். சோறு தீர்ந்ததும் சோயியாவாகி, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியைத் தேடும். அடுத்தது மைசிஸ். தலை கீழே, வால் மேலே என்று தொங்கிக்கொண்டு, பின்பக்கமாகத் துள்ளும் குறும்புக்காரன். அதற்குப் பாசி மட்டும் போதாது. ஆர்ட்டீமியா என்ற குட்டி உயிரியைப் பொரித்துக் கொடுப்பார்கள்.

ஜப்பானில் மோட்டோசாகு ஹுடினாகா என்ற ஆராய்ச்சியாளர் 1930களில் குருமா என்ற இறால் வகையைத் தொட்டியில் முட்டையிட வைத்தார். குஞ்சும் பொரித்தது. ஆனால் சோயியாவுக்கு என்ன ஊட்டுவது? அங்கேதான் திணறினார். ஏற்ற பாசியை வளர்த்துக் கொடுத்த பிறகுதான் குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தன.

மைசிஸ் தாண்டினால் இறாலின் உருவம் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் தீவனத்தைச் சோதிக்கும் ஆராய்ச்சித் தொட்டிக்குப் போகும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் மத்திய அரசின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இப்படிப்பட்ட ஆய்வுக்கூடம் இருக்கிறது.

புதுத் தீவனம் ஒன்று நல்லதா என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தொட்டியில் புதுத் தீவனம், மூன்றில் பழையது. ஏன் மூன்று? ஒரு தொட்டியில் மட்டும் வெயில் விழலாம், காற்றுக்குழாய் அடைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். தீவனத்தை அள்ளிக் கொட்டவும் கூடாது. மிஞ்சியது அழுகி அம்மோனியா ஆகும். குஞ்சுகளுக்கு அது நஞ்சு.

சோதனை நாட்கள் முடிந்து எடை பார்க்கிறோம். புதுத் தீவனம் போட்ட ஒரு தொட்டியில் குஞ்சுகள் கொழுகொழுவென்று இருக்கின்றன. ஆகா, தீவனம் ஜெயித்துவிட்டதா? பொறுங்கள், எண்ணிப் பாருங்கள். விட்டது 100, இருப்பது 80. செத்த இறால் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மீதி 20 எங்கே?

இறாலின் ஓடு நம் தோல்போல் கூடவே வளராது. அதனால் பாம்புபோல் சட்டை உரிக்கும். காலையில் தொட்டியின் அடியில் பார்த்தால் மீசை, கால் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே மட்டும் இறால் இருக்காது! கண்ணாடிக் காகிதம்போல் ஒரு வெறும் சட்டை. உரித்த இறாலோ மெத்தென்று, ஓட முடியாமல் மூலையில் கிடக்கும். புது ஓடு இறுகும்வரை அதற்கு ஆபத்துதான். பக்கத்தில் இருப்பவை அதையே பிடித்துத் தின்றுவிடும். ஒளிந்துகொள்ள வசதியாகச் சில தொட்டிகளில் வலைத்துண்டுகளைத் தொங்கவிடுவதும் இதற்காகத்தான்.

அப்படியானால் அந்தத் தொட்டியில் கொழுத்தவை எதைத் தின்று கொழுத்தன? தீவனத்தையா, கூட்டாளியையா? அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் தராசை மட்டும் நம்புவதில்லை, தலைகளையும் எண்ணுகிறார்கள்.