அம்மா சேலையில் போர்வையா? கத்தரி வைக்கும் முன் இதைக் கவனியுங்க!

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள கவுஞ்சியில் வெயில் சாய்ந்தாலே போர்வையைத் தேட வேண்டியதுதான். பழைய காட்டன் சேலைகளைச் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை அந்தக் குளிருக்கு அவ்வளவு இதம்.

தைப்பது சுலபம். அளவை மாற்றும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒன்பது சதுரங்கள் சேர்ந்த 12 இன்ச் கட்டத்தில், தைத்து முடித்தபின் ஒவ்வொரு சதுரமும் 4 இன்ச் இருக்கும். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் இன்ச் விட வேண்டும் என்பதால் வெட்டுவது நாலரை இன்ச்.

தொட்டில் போர்வைக்கு அதே கட்டம் 6 இன்ச்சில் வேண்டுமா? நாலரையில் பாதி இரண்டேகால் என்று வெட்டிவிடாதீர்கள். சதுரம் பாதியாகும், தையலுக்கு விடும் கால் இன்ச் பாதியாகாது. வெட்ட வேண்டியது இரண்டரை இன்ச். இரண்டேகாலில் வெட்டினால் கட்டம் 5.25 இன்ச்சில் நின்றுவிடும். வரிசைக்கு ஐந்து கட்டம் என்றால் கிட்டத்தட்ட 4 இன்ச் போச்சு! அம்மாவின் சேலையை மறுபடி எந்தக் கடையில் வாங்குவது? முதலில் வேறு துணியில் ஒரு கட்டம் தைத்து, அளந்து பாருங்கள்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்து சித்தி இனப் பெண்கள், ஓரத்தில் தொடங்கி, கையில் கிடைத்த துணிகளை வைத்துத் தைத்தபடியே நடுவை நோக்கி வருவார்கள். மூலைகளில் முக்கோணமாக மடித்த துணியைப் பூவாக வைத்துத் தைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை முடிந்த மாதிரி.