வேடிக்கைச் சட்டங்களும் மூன்று கல்லறைகளும்

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் கூடி நிற்கும் நம் பங்கு மக்களிடையே ஒரு புதுவகைப் பொழுதுபோக்கு பரவியுள்ளது. கைபேசியில் வந்த வியப்புச் செய்திகளை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டி நகைப்பதே அது. பட்டம் விட அரசாங்க உரிமம் வேண்டுமாம். கண்டெடுத்த பத்து ரூபாயை மறைத்தால் சிறைவாசமாம். எந்த நட்சத்திர ஓட்டலுக்குள்ளும் புகுந்து இலவசமாகத் தண்ணீர் கேட்க நமக்கு உரிமை உண்டாம். இந்த 'ஆம்' என்னும் விகுதி இருக்கிறதே, சொல்பவர் பொறுப்பைக் கைகழுவுவதற்கு நம் தாய்மொழி அளித்துள்ள அருமையான வசதி அது!

நகைப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. எனினும், இச்செய்திகளை நம்பிச் செயல்படுவோரும் உளர் என்பதால், மூலச் சட்டங்களைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம்.

தண்ணீர் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1867ஆம் ஆண்டின் சராய்கள் சட்டம். சராய் என்பது வழிப்போக்கர் தங்கும் சத்திரம். சத்திரத்தை நடத்துபவர் அதனைப் பதிவு செய்தல் வேண்டும். அறைகளையும் கிணறு குளங்களையும் தூய்மையாக வைத்தல் வேண்டும். தொற்றுநோய் கண்டவர் தங்கியிருப்பின் காவல் நிலையத்திற்கு அறிவித்தல் வேண்டும். கட்டண விவரத்தை எழுதித் தொங்கவிடுதல் வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. காலரா அஞ்சிய காலத்துச் சட்டம். தெருவில் போகிறவர் எவரும் உள்ளே நுழைந்து இலவசமாகக் குடிக்கலாம் என்ற விதி அக்கடமைப் பட்டியலில் இல்லை. தியாகராய நகர் உணவகங்களில் அமர்ந்தவுடன் தண்ணீர்க் குவளையை முன்னே வைக்கிறார்களே, அது சட்டத்தினால் அன்று, பழக்கத்தினால்.

பட்டத்தின் கதை இன்னும் சுவையானது. 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டம், வானூர்தி என்பதற்கு இலக்கணம் கூறுகையில் பலூன், கிளைடர் ஆகியவற்றோடு பட்டத்தையும் சேர்த்திருந்தது உண்மையே. இதிலிருந்து பிறந்ததுதான் உரிமக் கதை. அச்சட்டம் நீங்கி, 2025 ஜனவரி முதல் நாள் தொடங்கி பாரதீய வாயுயான் அதிநியம் நடப்பில் உள்ளது. ஆனால் நம் நகரத்தில் பட்டத்திற்கு உள்ள மெய்யான தடையைப் பற்றி எந்த வேடிக்கைச் செய்தியும் பேசுவதில்லை. கண்ணாடித் தூள் தடவிய மாஞ்சா நூலைச் சென்னைக் காவல்துறை மீண்டும் மீண்டும் தடை செய்துள்ளது. நைலான் மாஞ்சாவை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதற்கும் தடை செய்தது. தந்தையின் ஸ்கூட்டரில் முன்னால் அமர்ந்து சென்ற குழந்தைகள் கழுத்தறுபட்டு மாண்டது இந்நகரத்தில்தான். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆகவே அதனை எவரும் பரப்புவதுமில்லை.

பத்து ரூபாய்ச் செய்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விழைகிறோம். பழைய வீட்டை இடித்து அடித்தளம் தோண்டும் குடும்பங்கள் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இன்று பல. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் சாலையில் கிடக்கும் நோட்டைப் பற்றியதன்று. மண்ணுக்குள்ளோ, மண்ணோடு இணைந்த கட்டடம் போன்றவற்றிலோ மறைந்திருந்த பொருளைப் பற்றியது. அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்படின், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கிடைக்கவிருந்த பங்கும் பறிபோகும்.

இதுவரை சொல்லிவிட்டு வேடிக்கைக்காரர் நிறுத்திக்கொள்கிறார். அதற்கு அப்பால் இருப்பதே மக்களுக்கு வேண்டியது. ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருவோரை விசாரிப்பார். எவரும் உரிமையாளர் அல்லர் என முடிவானால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும், நிலத்துக்குரியவருக்கு எஞ்சிய ஒரு பங்கும் என்பது சட்டத்தின் பொதுக் கணக்கு. அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுத்தல் வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் வியந்து நிற்கும் செப்புத் திருமேனிகளில் பல இச்சட்டத்தின் வழியே வந்தவை. 'பத்து ரூபாய்க்குச் சிறை' என்ற அரைகுறைச் செய்தியை மட்டும் கேட்ட ஏழைக் கூலியாள் என்ன செய்வார்? அஞ்சி, கிடைத்ததை இரவோடிரவாக உருக்கிவிடுவார். தமக்குரிய முக்கால் பங்கு அவருக்கும் இல்லை. வரலாறு நமக்கும் இல்லை.

சாலையில் கிடந்த பொருளுக்கு வேறு சட்டம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, அதனை எடுத்து வைத்துக்கொள்பவர் பிறர் ஒப்படைத்த பொருளைக் காப்பவருக்குரிய பொறுப்பை ஏற்கிறார். அவ்வளவே.

சட்டங்கள் இருக்கட்டும். நம் ஊர்ப் பெருமையாக நாமே சொல்லிக்கொள்பவற்றின் நிலை என்ன? மெரினா உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவுசாலை அமைத்துப் பெயரிட்ட இக்கடற்கரையின் நீளம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். வங்கதேசத்தின் காக்ஸ் பசார் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். பிரேசிலின் காசினோ கடற்கரை 200 கிலோமீட்டருக்கும் மேல். அடையாற்றுப் பிரம்மஞான சபை ஆலமரத்தை உலகிலேயே பெரியது என்போரும் உளர். அதன் பரப்பு ஏறத்தாழ 40,000 சதுர அடி, அதாவது ஓர் ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. ஆந்திரத்தில் கதிரிக்கு அருகிலுள்ள திம்மம்மா மர்ரிமானு ஆலமரமோ நான்கரை ஏக்கருக்கு மேல் படர்ந்துள்ளது. 1989இல் புயற்காற்றில் நடுமரம் சாய்ந்த பின்னும் விழுதுகளை ஊன்றி நிற்கும் அடையாற்று மரத்திற்கு, முதலிடம் இல்லாவிட்டாலும் ஒரு குறைவுமில்லை.

இனி நம் வீட்டிற்கே வருவோம். திருத்தூதரின் கல்லறை மேல் எழுந்த பேராலயங்கள் உலகில் மூன்றே மூன்று. உரோமையில் பேதுருவினுடையது, ஸ்பெயினின் சந்தியாகோவில் யாக்கோபினுடையது, சாந்தோமில் தோமையாருடையது. இதனை மறைக்கல்வி வகுப்பில் சொல்கிறோம். வெளியூர் உறவினருக்குச் சொல்கிறோம். இங்கே 'ஆம்' விகுதியும் போடுவதில்லை.

ஆனால் உரோமை நகரின் மதிலுக்கு வெளியே பவுலின் கல்லறை மேல் பேராலயம் நிற்கிறது. இத்தாலியின் அமால்பியில் அந்திரேயாவும், சலேர்னோவில் மத்தேயுவும், ஜெர்மனியின் திரியரில் மத்தியாவும் துயில்வதாக அவ்வூர்த் திருச்சபைகள் வணங்கி வருகின்றன. பவுல் பன்னிருவரில் ஒருவர் அல்லர் எனலாம். மற்றவை பின்னாளில் கொண்டுசென்று வைக்கப்பட்ட எலும்புகள் எனலாம். எலும்புகள் இடம் பெயர்ந்ததையே கணக்கில் எடுத்தால், யாக்கோபு எருசலேமில் கொல்லப்பட்டவர் அல்லரோ? நம் தோமையாரின் திருப்பண்டங்களும் தொல்மரபின்படி எதேசாவுக்குச் சென்று, 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவை அடைந்தன. அங்கிருந்தே 1953இல் கர்தினால் திசெரான் ஒரு பகுதியைக் கேரளத்தின் கொடுங்கல்லூருக்குக் கொணர்ந்தார். எப்படிக் கணக்கிட்டாலும் மூன்று என்ற எண் நிற்பதாயில்லை.

இதை எழுதுவது சிலருக்கு மனவருத்தம் தரலாம். ஆயினும், பன்னிரண்டு வயதுப் பிள்ளை இந்த எண்ணைப் பள்ளியில் பெருமையோடு சொல்ல, நண்பன் ஒருவன் அமால்பியின் படத்தை எடுத்துக் காட்டினால், அப்பிள்ளை எண்ணை மட்டுமா ஐயுறும்? அதே வகுப்பில் கேட்ட மற்றவற்றையும் ஐயுறாதா? தாமே கண்டாலன்றி நம்பேன் என்ற திருத்தூதரின் பெயரால் இப்படி நேர்வது பொருத்தமாயில்லை.

சொல்வதற்கு நம்மிடம் வேறு எவ்வளவோ உண்டு. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இக்கரையில் உள்ள தோமையார் கல்லறையைப் பற்றியும், அங்கு வரும் திருப்பயணிகளைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். போர்த்துக்கீசியர் 1523இல் இங்கே கோயில் எழுப்பினர். இன்றைய கோத்திக் ஆலயம் 1896இல் நிறைவுற்று, 1956இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. கல்லறைச் சிற்றாலயத்திற்கு இறங்கும் வழி பின்புறம் தனியே உள்ளது. உறவினரை அழைத்துச் செல்வோர் முதலில் அங்கே இறங்கட்டும். எண்ணிக்கையை வெளியே வந்தபின் பேசிக்கொள்ளலாம்.